சீசாவுக்குள் ஒரு கணக்கு



கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலருமுன் சாலையோரம் நின்றவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். தூக்குவாளிகளோடு பெண்கள் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, ஏலத்தோட்ட வேலைக்காக மலையேறுவார்கள். சில வண்டிகள் குமுளிக்கும், சில கம்பமெட்டுக்கும், சில போடிமெட்டுக்கும் போகும். அவ்வண்டிகளில் ஒன்றை ஓட்டுபவர் என் பழைய மாணவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, பானெட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு கண்ணாடிச் சீசா. அதில் காஸ்டிக் சோடா கரைத்த நீர். நீருள் இரண்டு எஃகுத் தகடுகள். பாட்டரியிலிருந்து இரண்டு கம்பிகள் தகடுகளுக்கு வந்தன. மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இஞ்சினின் காற்றுக் குழலுக்குச் சென்றது.

"சார், நீங்கள் எட்டாம் வகுப்பில் நடத்திய பாடம்தான் இது. தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன்; ஹைட்ரஜன் எரியும். டீசல் மிச்சமாகிறது" என்றார்.

கடன் வாங்கிப் பணம் கொடுத்து அதைப் பொருத்தியிருந்தார். அதைப்போலவே செய்து தரும்படி ஸ்டாண்டில் உள்ள சக ஓட்டுநர்கள் சிலர் அவரிடம் முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். என் வாயால் "சரி" என்ற ஒரு சொல் வரவேண்டும், அதற்காகத்தான் வந்திருந்தார்.

அவர் சொன்ன பாடத்தில் பிழையில்லை. 1800-ஆம் ஆண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்னும் இரு ஆங்கிலேயர் மின்சாரம் செலுத்தி நீரைப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் பாடத்தின் மறுபாதியை நான் அக்காலத்தில் அழுத்திச் சொல்லவில்லையோ என்று எனக்கு அன்று ஐயம் எழுந்தது. நீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சும் பொருள். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்கு நீர் அப்படி.

லோயர் கேம்ப் மின் நிலையத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலைமேலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கிச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. கீழே வந்துவிட்ட அதே நீரைக் கொண்டு மீண்டும் சக்கரத்தைச் சுழற்ற வேண்டுமானால், அதைத் தேக்கடிக்கு ஏற்றியாக வேண்டும். ஏற்றுவதற்கு ஆகும் சக்தி, இறங்கும்போது கிடைக்கும் சக்திக்குக் குறையாது. உண்மையில் கூடவே ஆகும். நீரைப் பிரித்து ஹைட்ரஜனாக்குவதும் அத்தகைய மலையேற்றமே.

இதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஆனால் நம்பவில்லை. எனவே காகிதம் எடுத்துவரச் சொன்னேன்.

அந்தச் சீசாவில் பத்து ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்வதாக வைத்துக்கொள்வோம். பாரடே கண்ட விதிப்படி அதில் வெளிவரும் ஹைட்ரஜன் சுமார் 0.37 கிராம். அது எரிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 45 கிலோஜூல் வெப்பம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36,000 கிலோஜூல் இருக்கிறது. ஆகவே ஒரு மணி நேரச் சீசா, லிட்டரில் எண்ணூறில் ஒரு பங்கு டீசலுக்குச் சமம். இது வரவு.

செலவைப் பாருங்கள். 12 வோல்ட்டில் பத்து ஆம்பியர் ஒரு மணி நேரம் என்றால் 432 கிலோஜூல் மின்சாரம். பாட்டரி தானாக இதைத் தருவதில்லை, டைனமோ தருகிறது. தான் வாங்கும் விசையில் டைனமோ ஏறக்குறைய அறுபது சதவீதத்தையே மின்சாரமாக்கும்; ஆகவே 720 வேண்டும். டைனமோவைச் சுழற்றும் இஞ்சினோ டீசலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கையே சுழற்சியாக்குகிறது; ஆகவே 2,160 கிலோஜூலுக்கான டீசல் எரிய வேண்டும். 2,160 கொடுத்து 45 வாங்குகிற வியாபாரம்!

"மீதி எங்கே போகிறது, சார்?" என்றார்.

"சீசா சுடுகிறதா?" என்று கேட்டேன்.

தொடவே முடியாத அளவு சுடும் என்றும், நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளமென்று விற்றவர் சொன்னதாகவும் கூறினார். மீதியில் ஒரு பகுதி போன இடம் அதுதான்.

அவர் பிறகு வேறொரு வாதம் வைத்தார்: ஹைட்ரஜன் சிறிதானாலும் டீசலை முழுமையாக எரியச் செய்கிறதாம். ஒழுங்காக உள்ள டீசல் இஞ்சினில் எரிபொருள் ஏறத்தாழ முழுவதும் எரிந்துதான் போகிறது. வீணாவது புகைக்குழலிலும் ரேடியேட்டரிலும் வெளியேறும் வெப்பமே. அதை இந்தச் சீசா பிடித்துத் தராது.

ஆயினும் அவர் பொய் சொல்லவில்லை என்பதை நான் அறிவேன். சீசாவைப் பொருத்திய நாளிலேயே வண்டியின் காற்று வடிகட்டியும் ஆயிலும் மாற்றப்பட்டிருந்தன. மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற நினைவிலேயே ஓட்டுகிறவனுடைய கால் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்கும். ஆகவே நான்கு நாள் சோதித்தோம். கம்பத்தில் டாங்கை விளிம்புவரை நிரப்புவது. குமுளி சென்று திரும்புவது. மீண்டும் நிரப்பி அளப்பது. கம்பி இணைந்திருக்கிறதா இல்லையா என்பது எனக்கு மட்டுமே தெரியும். முடிவில், எந்த நாள் எது என்று அளவைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை.

இந்த ஆசை நமக்குப் புதிதன்று. வருசநாட்டு மலைக்கு அப்பால் இராஜபாளையம் பக்கத்திலிருந்து 1996-இல் எழுந்த 'மூலிகைப் பெட்ரோல்' செய்தி நாடெங்கும் பரவியது. அதே 1996-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், நீரால் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயர் என்பவர் மோசடி செய்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்தவர்கள் நாட்டிலும் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

ஹைட்ரஜனால் வண்டி ஓடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பஞ்சத்தால் சென்னை மாகாணத்தில் கரிவாயு பஸ்கள் ஓடின. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளியதை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வாயுவில் கார்பன் மோனாக்ஸைடோடு ஹைட்ரஜனும் உண்டு. ஆனால் சக்தியைக் கொடுத்தது அடுப்பிலிட்ட கரி. மகேந்திரகிரியில் ராக்கெட் இஞ்சின்களும் திரவ ஹைட்ரஜனால் இயக்கிச் சோதிக்கப்படுகின்றன. அந்த ஹைட்ரஜனுக்கான சக்தியை வெளியே செலவிட்டுத்தான் அதை ஆக்குகிறார்கள். ராக்கெட்டே அதைத் தயாரித்துக்கொள்வதில்லை.

எனக்கு மிகுந்த கவலை தந்தது டீசல் கணக்கன்று. அந்தச் சீசாவில் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் தனித்தனியே பிரிவதில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற அளவில், வெடிப்பதற்கென்றே கலந்தாற்போல் ஒன்றாக வருகின்றன. ஒரு பொறி குழாய் வழியே திரும்பினால் போதும், கண்ணாடிச் சில்லும் காரநீரும் சிதறும். ஜீப்பின் முன்வரிசையில், அதற்கு ஓரடி தூரத்தில், விடியற்காலையில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்துச் சீசாவைக் கழற்றினார்.

சக ஓட்டுநர்களின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. தம்முடைய பணம் மட்டும் திரும்பவில்லை. விற்றவரைப் பிறகு அவரால் கண்டுபிடிக்க இயலவில்லை. அந்தச் சீசா என் வீட்டு அலமாரியில் மூடியின்றி இருக்கிறது. பார்க்க வரும் மாணவர்களிடம் அந்தக் காகிதத்தையும் சேர்த்தே கொடுக்கிறேன்.