நடுகல்லும் காமிராவும்

தருமபுரி மாவட்டத்தில் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் பல உண்டு. ஓய்வு பெற்றபின், டிஜிட்டல் காமிராவுடன் அத்தகைய கல்லொன்றை நாடிச் சென்றேன். பொழுது மங்கிவிட்டது. ஐ.எஸ்.ஓ. எண்ணை 6400-க்கு உயர்த்தி, 1/30 விநாடியில் படம் எடுத்தேன். வெளிச்சம் கிடைத்தது, ஆயின் மணல் தூவினாற்போன்ற புள்ளிகளில் எழுத்துகள் மறைந்தன.

பிழை என்னுடையதே. அபெர்ச்சர் என்பது ஒளி புகும் துளை. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். ஷட்டர், ஒளி புகும் நேரத்தை அளக்கிறது. ஐ.எஸ்.ஓ.வோ புகுந்த ஒளியின் பதிவைப் பெருக்குமேயன்றிப் புதிய ஒளியைச் சேர்ப்பதில்லை.

கல் அசையாதல்லவா? மறுவாரம் அதே மாலைப்பொழுதில், காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வை 100 ஆக்கி, ஷட்டரை 2 விநாடி திறந்தேன். எழுத்துகள் துலங்கின. மழையில் கல் தேயும். பொறுமையுடன் எடுத்த படம் அதன் சொல்லைக் காக்கும்.