சதியும் தற்செயலும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சரித்திர நாவலைப் படித்துவிட்டு, "இப்படித்தான் நடந்தது" என்று அடித்துப் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னின் உச்சகட்டம் ஆதித்த கரிகாலன் கொலை. இதற்கு ஓர் ஆதாரம் காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கோயில் கல்வெட்டு. அது சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது; நிலப் பறிமுதலைச் சொல்கிறது. ரவிதாசனுக்கும் பரமேசுவரனுக்கும் பிரமாதிராஜன் என்ற பட்டம் உண்டு. பிராமண அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்ட பட்டம் அது. ஆனால் ஏன் கொன்றார்கள், யாராவது தூண்டினார்களா என்பதற்குக் கல்வெட்டில் பதில் இல்லை.

கல்கி அந்த இடைவெளியைப் பாண்டிய ஆபத்துதவிகளின் பழியுணர்ச்சியால் நிரப்பினார். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மீது சந்தேகம் கொண்டார். நான் பௌதிகம் படித்தவன். இரண்டே புள்ளிகள் இருந்தால் அவற்றின் வழியே எத்தனை வளைகோடுகள் வேண்டுமானாலும் வரையலாம். கோடு அழகாக இருப்பது அதற்கு நிரூபணம் ஆகாது.

கல்கிக்கு இது தெரிந்திருந்தது. அத்தனை பெரிய சதியைப் பின்னிவிட்டு, கடைசி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுகிறார். யார் கை கொன்றது என்பதை நிச்சயமாகச் சொல்லவில்லை. திட்டத்தோடு தற்செயலுக்கும் இடம் விட்டார்.

உண்மைச் சரித்திரமும் அப்படித்தான். 1914 ஜூன் 28, சரயேவோ நகரம். ஆஸ்திரிய இளவரசர்மீது காலையில் வீசிய குண்டு குறி தவறியது, சதி தோற்றது. பிறகு பாதை மாற்றப்பட்டது டிரைவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவர் பழைய வழியில் திரும்பிவிட்டு வண்டியை நிறுத்தினார். பிரின்சிப் அங்கேயே நின்றிருந்தான். குற்றவாளிகளின் பெயர்கள் மட்டும் கல்லில் எஞ்சியிருந்தால், அந்தத் தவறான திருப்பத்தை நாம் ஊகித்திருப்போமா?

இன்று அந்த உடையார்குடிக் கல்வெட்டை வைத்து ஒரு சமூகத்தையே கொலைகாரர் என்கிறார்கள். நம்மவரில் சிலர் பதிலுக்கு இன்னொரு சதியைக் கற்பிக்கிறார்கள். இரு தரப்பும் கல் சொல்லாததைச் சொல்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சில பேர் செய்த காரியத்துக்கு இன்றைய யாரும் பொறுப்பல்ல. அவர்களுக்காக வக்காலத்து வாங்க வேண்டியதும் இல்லை.

நாவலை ரசித்துப் படியுங்கள். பேரக் குழந்தைகளுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போதே ஆதாரம் எங்கே நிற்கிறது, கதை எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.