வாரந்தோறும் வரும் மடல்



பெங்களூர் நகரின் தெற்கே, ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மசந்திராவில் நாம் வசித்து வருகிறோம். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் இவ்விடம்வரை வந்தது. அவ்வண்டியில் நாள்தோறும் நம்முடன் வருபவர் அண்டை வீட்டு இளைஞர். வலைத்தளம் அமைக்கும் தொழிலினர். அண்மையில் ஒரு நேர்காணலில் வேலை கிட்டாது திரும்பினார். "நான் கற்றது பழசாகிவிட்டதாம், ஐயா" என்று வருந்தினார்.

மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இத்துயரம் புதிதன்று. நேற்றைய கலைச்சொல் இன்று வழக்கொழிவதுண்டு. ஆயினும் அவர் தொழிலின் வேகமே வேறு. ஒரு பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்க முன்னர்ச் சுற்றுவழிகள் பல வேண்டியிருந்தன. 2017 மார்ச்சில் முக்கிய உலாவிகள் சில 'கிரிட்' முறையை ஏற்றதும், அவற்றுட் பல தேவையற்றுப் போயின. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரவிதியோ 2015 முதல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

இம்மாறுதல்களை ஒருவர் தனித்துத் தேடி அறிவது அரிது. அதற்குத் துணையாக வருவனவே மின்னஞ்சல் செய்திமடல்கள். சான்றாக, 'ஜாவாஸ்கிரிப்ட் வீக்லி' 2010 முதல் வெளிவருகிறது. அவ்வாரத்துக் கட்டுரைகளுள்ளும் கருவிகளுள்ளும் தக்கனவற்றைத் தெரிந்தெடுத்து, சிறு குறிப்புடன் இலவசமாக அனுப்புகிறார்கள்.

மின்னஞ்சல் வழியே தொழில் வளர்ப்பது தமிழருக்குப் புதிதன்று. 1990களின் பிற்பகுதியில், பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சலில் கலந்து பேசியே 'திஸ்கி' என்னும் தமிழ் எழுத்துக் குறியேற்றத்தை வகுத்தனர்.

"தம்பி, உமக்கு அத்தகைய மடல் வருவதில்லையா?" என வினவினோம். பன்னிரண்டு மடல்களுக்குப் பெயர் கொடுத்திருந்தார். முந்நூறுக்கு மேல் திறவாமலே கிடந்தன! சேர்த்து வைத்தல் கற்றலாகுமா?

இருவரும் அமர்ந்து ஒரு முடிவு செய்தோம். இரண்டு மடல்கள் போதும், ஏனையவற்றை நிறுத்திவிடலாம். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் படிக்க வேண்டும். படித்தவற்றுள் ஒன்றையேனும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும். அடிப்படை புரியாதவிடத்து மடலை விட்டு நூலை நாட வேண்டும். 'எளிய தமிழில் சி.எஸ்.எஸ்.' போன்ற நூல்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டு திங்கள் கழிந்தன. வேலை இன்னும் அமையவில்லை. ஆனால் சென்ற வாரம் அவர் நம் இல்லம் வந்து, தாம் புதுமுறையில் அமைத்த பக்கம் ஒன்றைக் காட்டினார். அடுத்த நேர்காணலைக் குறித்த அச்சம் அவர் பேச்சில் இல்லை.

ஊரை விட்டு வந்த நாம், முன்னாளில் வீட்டுக் கடிதத்திற்காகத் தபால்காரரை எதிர்நோக்கி நின்றவர்கள். வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தவர் நம்முள் எவர்? தொழில் தரும் மடலையும் அவ்வாறே பிரித்துப் படிப்போமாக.