காவலாளி தேர்ந்த படம்

ஓவியக் கூடத்தில் ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்ப்போம்? அரை நிமிடம். அதுவும் கால் வலிக்காவிட்டால். ஆனால் நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே நிற்பவர் ஒருவர் உண்டு, காவலாளி.

அமெரிக்காவில் பால்டிமோர் கலை அருங்காட்சியகத்துக்கு இது உறைத்தது. 2022-ல் ஒரு கண்காட்சிக்கு எதை மாட்டலாம் என்று தன் காவலாளிகளையே கேட்டது. 17 பேர் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒன்று, வின்ஸ்லோ ஹோமர் வரைந்தது. பதிலுக்காகக் காத்து நிற்கிறான் ஓர் இளைஞன். காத்து நிற்பதுதானே அவர்கள் உத்தியோகமும்!

உங்கள் ஊரில் ஓவியக் கூடம் திறந்தால், சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைப் பார்த்தமாத்திரத்தில் ஒதுக்குகிற அம்மாவையும் கூப்பிட்டுக் கேளுங்களேன். அந்தக் கண் லேசுப்பட்டதில்லை.