இருளில் ஒளிரும் பூச்சு

(கடலூரில் ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. சிற்றூர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அத்தகைய இரவில் புயல் பாதுகாப்பு மையத்திற்கு வரும் முதியோரும், குழந்தையைச் சுமந்து வரும் தாய்மாரும் படிக்கட்டில் இடறி விழாதிருக்க வழி என்ன? மின்சாரமின்றி ஒளிரும் பூச்சு ஒன்று இதற்குத் துணைபுரியும்.

இருளில் மின்னும் யாவற்றையும் நாம் ‘ரேடியம்’ என்கிறோம். அது சரியன்று. ரேடியம், 1898-இல் கியூரி தம்பதியர் கண்டறிந்த கதிரியக்கத் தனிமம். முன்னாளில் கடிகார முகப்பு ஒளிர அதைப் பூசினர். தூரிகை நுனியை உதட்டால் கூராக்கி அதனைப் பூசிய அமெரிக்கப் பெண் தொழிலாளர் பலர் எலும்பு நோயுற்று மாண்டனர். இன்று வண்டிகளில் ஒட்டும் ‘ரேடியம் ஸ்டிக்கரில்’ ரேடியமும் இல்லை, தன்னொளியும் இல்லை. தன்மீது படும் விளக்கொளியை வந்த திசைக்கே அது திருப்புகிறது. மாட்டுவண்டிக்கு அது உகந்தது. விளக்கற்ற படிக்கட்டுக்கு உதவாது.

நமக்கு வேண்டியது வேறு. ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்னும் சேர்மத்தில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்துச் செய்யும் இப்பொருள் 1990-களில் ஜப்பானில் உருவாயிற்று. ஏரி நீரைத் தேக்கி மதகு வழியே விடுவது போல, இது பகலொளியைத் தேக்கி இரவில் இளம்பச்சை ஒளியாகச் சிறுகச் சிறுக வெளிவிடும். நேரமாக ஆக மங்கினும், இருளுக்குப் பழகிய கண்ணுக்குப் பல மணி நேரம் புலப்படும். இதில் கதிரியக்கம் இல்லை.

படிகளின் விளிம்பு, கைப்பிடி, கதவு நிலை, வழிகாட்டும் அம்புக்குறி ஆகியவற்றில் இதைப் பூசலாம். வெள்ளை அடிப்பூச்சின்மேல் பூசினால் ஒளி மிகும். ஈரம் இப்பொருளைச் சிதைக்குமாதலால், மேலே நிறமற்ற காப்புப் பூச்சு இன்றியமையாதது. வெளிச்சம் எட்டாத மூலையில் பூசிப் பயனில்லை. மேலும், இது வழியைக் காட்டுமேயன்றி அறைக்கு வெளிச்சம் தராது. கைவிளக்கும் அவசர விளக்கும் எப்போதும் வேண்டும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மாதிரியை வெயிலில் வைத்து, பின்னர் இருட்டறையில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, விளக்கேதுமின்றிச் சென்று பாருங்கள். அப்போதும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே பணம் கொடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இப்பணியை முடிக்க மன்றங்கள் தீர்மானிக்க வேண்டுகிறேன்.