ரசீதில் உள்ள அமானிதம்

திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. நம் சிறு வியாபாரிகள் பலரோ எழுத்துக் கணக்கு என்றாலே அஞ்சுகின்றனர்.

தமிழகத்தில் 2007இல் வந்த மதிப்புக்கூட்டு வரியும், 2017இல் அதனிடத்தைப் பெரிதும் பிடித்த ஜி.எஸ்.டி.யும் ஒரே அடிப்படையில் அமைந்தவை. 10,000 ரூபாய்ச் சரக்கை 5 விழுக்காட்டு வரியுடன் வாங்குபவர் 500 ரூபாய் வரி கொடுக்கிறார்; அதை 12,000க்கு விற்கும்போது 600 வசூலிக்கிறார். அரசுக்குச் செலுத்த வேண்டியது 100 மட்டுமே. கொள்முதல் ரசீது இல்லையேல் இக்கழிவும் இல்லை.

வரியென்று பெற்ற தொகை இலாபமன்று, அமானிதம். அதைக் கல்லாவில் கலந்து செலவிடுவது எவ்வாறு ஹலாலாகும்? ஆண்டு விற்பனை 1.5 கோடி வரையுள்ள வணிகர் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் 1 விழுக்காடு செலுத்தினால் போதும். ஆனால் அது அவருடைய சொந்தப் பணமாக இருக்க வேண்டும். அத்திட்டத்தில் இருந்துகொண்டே ரசீதில் வரி சேர்ப்பது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதி. அறியாமல் செய்வோரே அதிகம் என்பது என் எண்ணம்.

ஆகவே பி.காம். படித்த நம் பிள்ளைகள் மாதம் ஓர் இரவு, இஷாவுக்குப் பின் மதரஸாவில் அமர்ந்து கடைக்காரர்களின் ரசீதுகளை ஒழுங்குபடுத்தித் தரட்டும். மாதக் கணக்கிற்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி கடைசி நாள். விற்பனையே இல்லாவிடினும் தாக்கல் செய்யத் தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் உண்டு.