வெள்ளைக்குள் ஓடும் ஆறுக்கு யார் பெயர் வைப்பது?

அண்டார்டிகாவை மேல இருந்து பார்த்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளைதான். அதுல 'இது ஒரு பனியாறு, இதோட பேரு இது'ன்னு யார், எப்படி முடிவு பண்றாங்க? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல மேப். 1946-47ல அமெரிக்கக் கடற்படை 'ஆபரேஷன் ஹைஜம்ப்'னு ஒரு பயணம் போச்சு. விமானத்துல இருந்து சுமார் 70,000 படங்கள் எடுத்தாங்க. ஆனா அதுல நிறைய படங்களை வெச்சு மேப் போட முடியல. படத்துல ஒரு மலை தெரியுது, சரி. பூமியில அது துல்லியமா எங்க இருக்கு? அந்தத் தகவல் இல்ல. அதனால அடுத்த வருஷமே 'ஆபரேஷன் விண்ட்மில்'. ஹெலிகாப்டர்ல போய் இறங்கி, படத்துல அடையாளம் தெரியற சில இடங்களோட அட்சரேகை, தீர்க்கரேகையை அளந்துட்டு வந்தாங்க.

இப்போ அந்த வேலையைப் பெரும்பாலும் சாட்டிலைட் செய்யுது. ஒரே இடத்தைச் சில நாள் இடைவெளியில ரேடார்ல படம் பிடிச்சு, பனி எவ்வளவு நகர்ந்திருக்குன்னு கணக்கு போடுவாங்க. சுத்தி இருக்கிற பனியைவிட எது வேகமா நகருதோ, அதுதான் பனியாறு. அதாவது, அங்க ஆறு தெரியறது நிறத்தால இல்ல, வேகத்தால! 2011ல அண்டார்டிகா முழுமைக்குமான வேக மேப்பே வெளியாச்சு.

அடுத்து பெயர். அங்க சிக்கல் வேற. 7 நாடுகள் அண்டார்டிகாவுல நிலத்துக்கு உரிமை கோருறாங்க. ஒவ்வொரு நாடும் தனக்குன்னு பெயர் வைக்கும். ஒரே தீபகற்பத்தை பிரிட்டன் 'கிரஹாம் லேண்ட்'னு சொன்னது, அமெரிக்கா 'பாமர்'னு சொன்னது. 1964லதான் ரெண்டு பேரும் 'அண்டார்டிக் தீபகற்பம்'னு ஒத்துக்கிட்டாங்க. 1992ல இருந்து 'ஸ்கார்'ங்கிற சர்வதேச அறிவியல் குழு எல்லா நாட்டுப் பெயர்களையும் ஒரே பட்டியல்ல சேர்க்குது. நம்ம டேட்டாபேஸ் மாதிரிதான்: ஒரு இடத்துக்கு எத்தனை பெயர் இருந்தாலும் ஐடி ஒண்ணுதான்.

சரி, பெயர் அவ்வளவு முக்கியமா? மேற்கு அண்டார்டிகாவுல கெட்ஸ்னு ஒரு பகுதி. லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹீதர் செல்லியும் அவங்க குழுவும் 25 வருஷ சாட்டிலைட் தரவுகளை ஆராய்ஞ்சாங்க. அங்க 14 பனியாறுகள் வேகமெடுத்திருக்கு. 1994ல இருந்து 2018க்குள்ள அந்தப் பகுதி இழந்த பனி 31,500 கோடி டன்! அதுல பலதுக்கு அப்போ பெயரே இல்லாம இருந்துச்சு. 2021ல பிரிட்டன் 9 பனியாறுகளுக்குப் பெயர் வெச்சுது: ஜெனீவா, ரியோ, பெர்லின், கியோட்டோ, பாலி, ஸ்டாக்ஹோம், பாரிஸ், இஞ்சியோன், கிளாஸ்கோ. எல்லாமே காலநிலை பத்தி உலக நாடுகள் கூடிப் பேசின ஊர்கள்.

பெயர் வெச்சதால பனி உருகுறது நிக்கப்போறதில்ல. ஆனா இனிமே 'கியோட்டோ பனியாறு இவ்வளவு மெலிஞ்சிடுச்சு'ன்னு ஒரு செய்தி வந்தா, கியோட்டோவுல என்ன வாக்கு கொடுத்தோம்ங்கிற கேள்வியும் கூடவே வரும். அந்தக் கேள்விக்காகவாவது இந்தப் பெயர்கள் மேப்ல இருக்கட்டும்.